ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள்



இன்று ஜனவரி 15. கர்னல் ஜான் பென்னிகுவிக் பிறந்த நாள். பாலார்பட்டியில் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் மாலை போடுகிறார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய அந்த மனிதரைப் பற்றி எனக்குப் பின்னால் பேச வருகிறவர்கள் நிறையச் சொல்வார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் வேறு ஐந்து பேரைப் பற்றிப் பேச உங்களிடம் அனுமதி கேட்கிறேன். ஆர்.எம். லோதா, எச்.எல். தத்து, சந்திரமௌலி குமார் பிரசாத், மதன் லோகுர், எம்.ஒய். இக்பால். உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளாக இருந்தவர்கள். முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னவர்கள்.

இவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? எந்த அளவுகோலை வைத்து இவர்கள் முடிவு செய்தார்கள்? நம் கண்மாய்க்கு வரும் தண்ணீர் எந்த மதகு வழியாக வருகிறது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீதி எந்த வழியாக வருகிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கின் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை. 1895-ல் அணை திறப்பு. முழு நீர்மட்டம் 152 அடி. 1979-ல் பாதுகாப்பைக் காரணம் காட்டி 136 அடியாகக் குறைத்தார்கள். பலப்படுத்தும் வேலை முடிந்ததும் உயர்த்துவோம் என்ற பேச்சு கால் நூற்றாண்டு ஓடியது. 2006 பிப்ரவரி 27 அன்று, தலைமை நீதிபதி சபர்வால், நீதிபதி தக்கர், நீதிபதி பாலசுப்பிரமணியன் ஆகிய மூவர், 142 அடிக்கு உயர்த்தலாம் என்று தீர்ப்பளித்தார்கள். அதற்கு மறுமாதமே கேரள சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, 136 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்று எழுதி வைத்தது. தமிழ்நாடு மீண்டும் டெல்லிக்குப் போனது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் வழக்கு வந்தால் அரசியல் சட்டத்தின் 131-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றமே முதல் நீதிமன்றம். அந்த வழக்கு எட்டு ஆண்டு நடந்தது. நடுவில் 2011 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பேர் குமுளியை நோக்கி நடந்தோமே, அது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். அணைக்குக் கீழே, மலைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் மக்களின் பயத்தை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன். தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது தாய்க்குத் தூக்கம் வராது. அந்த பயத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நீதிமன்றத்துக்கு இருந்தது.

நீதிபதிகள் பொறியாளர்கள் இல்லை. அதனால் 2010-ல், முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஐவர் குழுவை அமைத்தார்கள். தமிழ்நாட்டின் சார்பில் நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், கேரளத்தின் சார்பில் நீதிபதி கே.டி. தாமஸ், கூடவே இரண்டு தொழில்நுட்ப வல்லுநர்கள். அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று 2012-ல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. தன் மாநிலத்தில் வந்த கடும் விமர்சனத்தையும் தாங்கிக்கொண்டு, அணை உறுதியாக இருக்கிறது என்று பொதுவெளியில் சொன்னவர் கே.டி. தாமஸ். இந்த மேடையிலிருந்து அவருக்கு ஒரு வணக்கம்.

இதோ கூடலூருக்கு மேலே, நம் தலைக்கு மேலே, மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. விசாரிக்காமல் ஒரு மன்னன் சொன்ன தீர்ப்பை எதிர்த்து நீதி கேட்டவள் அவள். சித்திரா பௌர்ணமிக்கு நாம் அந்த மலை ஏறுகிறோம். தேடிப் பார், எதிர்த் தரப்பைக் கேள், சாட்சியை எடை போடு, பிறகு வாய் திற என்பதைத்தான் அவள் பாண்டியன் அவையில் கேட்டாள். எட்டு ஆண்டு நீண்ட விசாரணையை நாம் சபித்தோம். ஆனால் அந்த விசாரணை இல்லாமல் வந்திருந்தால் 142 அடித் தீர்ப்பு ஒரு வருடம்கூட நின்றிருக்காது.

இப்போது தீர்ப்பின் உயிர்நாடிக்கு வருகிறேன். கேரளச் சட்டம் செல்லாது என்று ஐந்து பேரும் சொன்னதற்கு என்ன காரணம்? சட்டமன்றத்துக்குச் சட்டம் இயற்றும் உரிமை உண்டு. பழைய சட்டத்தை மாற்றி, ஒரு தீர்ப்பு எந்த அடித்தளத்தின் மேல் நின்றதோ அந்த அடித்தளத்தை அகற்றும் உரிமையும் உண்டு. ஆனால் இரண்டு தரப்பையும் கேட்டு நீதிமன்றம் கண்டறிந்த ஓர் உண்மையை, ‘அது உண்மை இல்லை’ என்று கை தூக்கி வாக்களித்துத் தள்ளிவிடும் உரிமை எந்தச் சட்டமன்றத்துக்கும் இல்லை. தோற்ற கட்சிக்காரரே நீதிபதியாக உட்கார்ந்து தன் வழக்கைத் திருத்திக்கொள்ள முடியாது. அவ்வளவுதான் அந்தத் தீர்ப்பு.

அதே 2014 மே 7. அதே கட்டடம். இன்னோர் அறையில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணனும் நீதிபதி பினாகி சந்திர கோஷும் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தார்கள். காலையில் பட்டாசு வெடித்த நம் பள்ளத்தாக்கில், பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் வாடிவாசல் என்ன ஆகும் என்று காளை வளர்த்தவர்கள் கலங்கி நின்றார்கள். ஒரு தீர்ப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம், இன்னொன்றைக் கண்டித்தோம். ஒன்று இனித்தது, ஒன்று கசந்தது. ஆனால் இரண்டும் ஒரே மன்றத்தின் தீர்ப்புகள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பிறகு நடந்தது இன்னும் முக்கியம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டு கேட்டு மெரினாவிலும் தமுக்கத்திலும் இளைஞர்கள் கூடினார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அதை எதிர்த்து வழக்கு. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் நம் சட்டம் செல்லும் என்றார்கள். கேரளத்தின் சட்டம் ஏன் விழுந்தது, தமிழ்நாட்டின் சட்டம் ஏன் நின்றது? கேரளம் தீர்ப்பைத் தள்ளிவிடப் பார்த்தது. நாம் சட்டத்தை மாற்றி, தீர்ப்பு சுட்டிக்காட்டிய குறைகளுக்கு விதிகளால் பதில் சொன்னோம். தம்பிகளே, சட்டம் படிக்கிறவர்கள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அந்த 2023 அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி கே.எம். ஜோசப், கேரளத்துக்காரர். அந்த ஐவரில் இன்னொருவரான சி.டி. ரவிக்குமாரும் கேரளத்துக்காரர்தான். 2006-ல் பெரியாறு வழக்கில் நமக்குச் சாதகமாகக் கையெழுத்திட்ட பாலசுப்பிரமணியன் கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தவர். 2014 அமர்வின் தத்து கேரள உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், இக்பால் சென்னையில் அதே பதவியில் இருந்தவர். ஊர் பார்த்து, இனம் பார்த்து வழக்கை முடிப்பவர்களாக இவர்கள் இருந்திருந்தால் நமக்கு இந்த இரண்டு வெற்றிகளும் இல்லை.

அப்படிப்பட்டவர்கள் தானாக அங்கே போய்ச் சேருவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டுத்தான் போகிறார்கள். அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது?

தலைமை நீதிபதியையும் சேர்த்து உச்ச நீதிமன்றத்தில் 34 இடங்கள். ஓய்வு வயது 65. நீதிபதிகளைக் கலந்து குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று 124-வது பிரிவு சொல்கிறது. தலைமை நீதிபதியின் சம்மதம் கட்டாயம் என்று வைக்கலாமா என்ற கேள்வி 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் வந்தபோது, அவரும் மனிதர்தான், அவர் கையில் மட்டும் அந்த அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்று அண்ணல் அம்பேத்கர் மறுத்தார். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளில் நியமனம் அமைச்சரவையின் கைக்குள் போனது. அதைப் பார்த்துத்தான் 1993-லும் 1998-லும் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தைத் தன் பக்கம் எடுத்தது. இன்று தலைமை நீதிபதியும் அடுத்த நான்கு மூத்த நீதிபதிகளும் கூடிப் பெயர் சொல்கிறார்கள். கொலீஜியம் என்பது இதுதான். அரசு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் அதே பெயர் வந்தால் நியமித்தாக வேண்டும்.

1993-ல் அந்தத் தீர்ப்பைச் சொன்ன ஒன்பது நீதிபதிகளில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன எஸ். ரத்தினவேல் பாண்டியன். பிற்படுத்தப்பட்டோரும் பட்டியல் சமூகத்தாரும் பழங்குடியினரும் பெண்களும் அந்த மன்றத்தில் இடம்பெற வேண்டும் என்று அவர் தன் தீர்ப்பில் எழுதினார். அவர் கேட்டது இன்னும் முழுதாக வரவில்லை. 1950-ல் தொடங்கிய மன்றத்துக்கு முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி வந்தது 1989-ல். நம் மாநிலத்திலிருந்து, மாவட்ட நீதிபதியாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறிய ஊத்தங்கரை பானுமதி அம்மா உச்ச நீதிமன்றம் போனது 2014-ல்.

நம் தீர்ப்பை எழுதிய லோதாவின் கதையையே பாருங்கள். தீர்ப்பு வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. அவர் தலைமையிலான கொலீஜியம் குழு அனுப்பிய நான்கு பெயர்களில் மூத்த வழக்கறிஞர் கோபால் சுப்பிரமணியத்தின் பெயரை மட்டும் தனியாகப் பிரித்துத் திருப்பி அனுப்பியது மத்திய அரசு. என்னைக் கேட்காமல் இப்படிப் பிரித்தது தவறு என்று லோதா வெளிப்படையாகப் பேசினார். அதற்குள் சுப்பிரமணியமே விலகிக்கொண்டார். ஜல்லிக்கட்டு அமர்வின் தலைவர் கே.எம். ஜோசப்புக்கும் அதுதான் நடந்தது. உத்தரகண்ட் தலைமை நீதிபதியாக, 2016-ல் அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்தவர் அவர். 2018 ஜனவரியில் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, ஏப்ரலில் திரும்பி வந்தது. மூப்பும் கேரளத்துக்கான இடமும் காரணம் என்றது அரசு. குழு விடாமல் மீண்டும் அனுப்பியதால் ஆகஸ்டில் பதவியேற்றார். குழு விட்டுக்கொடுத்திருந்தால் 2023-ல் அந்த நாற்காலியில் அவர் இருந்திருக்க மாட்டார்.

அதனால், நியமனம் ஆட்சியாளர் கைக்குப் போகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2015 அக்டோபரில், சட்ட அமைச்சரும் உட்காரும் நியமன ஆணையத்தை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் அணைத் தீர்ப்பில் கையெழுத்திட்ட மதன் லோகுர் அந்த நால்வரில் ஒருவர். உச்ச நீதிமன்றத்தில் மிக அதிகமாக வழக்காடுவது மத்திய அரசு. தன் வழக்கை விசாரிக்கும் நீதிபதியை அதுவே பொறுக்கி எடுத்தால் சாமானியனுக்கு என்ன மிஞ்சும்?

ஆனால் கதவை மூடிக்கொண்டு நடக்கும் தேர்வையும் என்னால் ஏற்க முடியாது. அந்த ஒரு மாற்றுத் தீர்ப்பை எழுதிய செலமேஸ்வர் கேட்டதும் அதைத்தான்: உள்ளே என்ன பேசினீர்கள் என்பது வெளியே யாருக்கும் தெரியவில்லையே. குழுவின் தீர்மானங்களை இணையதளத்தில் போடத் தொடங்கியதே 2017 அக்டோபரில்தான். எந்த வழக்கை எந்த நீதிபதிக்குக் கொடுப்பது என்பது தலைமை நீதிபதி ஒருவர் கையில் இருக்கிறது. அதில் குறை இருக்கிறது என்று 2018 ஜனவரி 12 அன்று நான்கு மூத்த நீதிபதிகள் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார்கள். அந்த நால்வரில் லோகுரும் செலமேஸ்வரும் இருந்தார்கள். ஒரு பெயரை ஏன் எடுத்தோம், ஒரு பெயரை ஏன் விட்டோம் என்பதைக் காரணத்தோடு எழுதி வெளியிட வேண்டும். மீண்டும் அனுப்பிய பெயரை மூன்று நான்கு வாரத்தில் நியமிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொன்ன கெடுவை அரசு மதிக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நமக்கு ஏன் இந்த அக்கறை? நம் வழக்கு முடியவில்லை, ஐயா. 2014 நவம்பரில், 35 ஆண்டுக்குப் பிறகு அணை 142 அடியைத் தொட்டது உண்மை. துணை அணையான பேபி அணையைப் பலப்படுத்தினால் 152 அடிக்குப் போகலாம் என்று வழி இருக்கிறது. அங்கே நிற்கும் 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் கேரளம் அனுமதி கொடுத்தது, சில நாளில் திரும்பப் பெற்றது. அதற்கும் நாம் மறுபடி அதே மன்றத்தின் வாசலில் நிற்கிறோம். நம் 14,707 ஏக்கர் இருபோக வயலின் தண்ணீர் இன்னும் பல முறை அங்கே விசாரணைக்கு வரும். அந்த அமர்வில் உட்காரப் போகிறவர்கள் இன்று ஏதோ ஓர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளாக இருக்கலாம். அவர்கள் பெயர்கள் ஒரு கோப்புக்குள் இருக்கலாம்.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் அணையின் நீர்மட்டத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: நீதிபதிகள் நியமனக் கோப்புகள் எத்தனை மாதமாகக் கிடப்பில் இருக்கின்றன, ஏன் கிடக்கின்றன என்று மக்களவையில் எழுந்து கேட்பீர்களா? பதில் வாங்கிக்கொண்டு வாக்களியுங்கள்.