பேரும் பேரமும்



கானா நாட்டிற்குச் சென்று வந்ததைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் கடலோரத்தில் அமைந்த அந்நாட்டில் என் தங்கையின் கணவர் பணியாற்றுகிறார். கல்லூரி விடுமுறையில் மூன்று வாரம் அவர்கள் இல்லத்தில் தங்கினேன். கண்டவற்றையெல்லாம் கூற நேரம் போதாது. ஆகவே, கடைவீதியில் நான் வாங்கியவற்றையும் அவற்றால் கற்றதையும் மட்டும் கூறுகிறேன்.

அந்நாட்டு நாணயத்தின் பெயர் செடி. நம் காதில் தோட்டத்துச் செடியாக விழும் அச்சொல், அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஒருகாலத்தில் அங்குச் சோழியே பணமாக வழங்கியது. இதனை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதற்கு வருகிறேன்.

முதல் நாளே தலைநகர் அக்ராவின் கடையொன்றில், மஞ்சளும் பச்சையும் சிவப்பும் கட்டங்கட்டமாக ஒளிர்ந்த துணி ஒன்றைக் கண்டேன். அந்நாட்டின் புகழ்பெற்ற கென்டே அதுவே என எண்ணினேன். சொன்ன விலையில் பாதிக்குப் பேசி முடித்து, வெற்றி பெற்றவளாய் வீடு திரும்பினேன். வீட்டுப் பணிகளில் உதவ வரும் மூதாட்டி அதனைக் கையில் வாங்கி, “இதன் பெயர் என்ன?” என்றார். “கென்டே” என்றேன். “அது எல்லாவற்றிற்கும் பொதுப்பெயர். இந்தத் துணிக்கு என்ன பெயர்?” என்று மீண்டும் கேட்டார். விழித்தேன். அவர் துணியைப் புரட்டி மறுபுறத்தைக் காட்டினார். அங்கு வண்ணம் வெளிறிக் கிடந்தது. தறியில் நெய்த துணியன்று. ஆலையில் அச்சிட்ட துணி. சொல்லாராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்ற நான், பேரைக் கேட்காமல் பேரம் பேசியிருக்கிறேன்!

அடுத்த வாரம் அசாந்தி மக்களின் தலைநகரான குமாசிக்கு அருகிலுள்ள போன்விரே என்னும் நெசவாளர் ஊருக்குச் சென்றோம். சிலந்தி வலை பின்னுவதைக் கண்டு இவ்வூரார் நெசவு கற்றனர் என்பது அவர்களது தொன்மக்கதை. தறியில் வருவது ஏறத்தாழ 4 அங்குல அகலமுள்ள நாடாவே. ஆடவர் போர்த்தும் ஓர் ஆடைக்கு இருபதுக்கும் மேற்பட்ட நாடாக்களை அருகருகே வைத்துத் தைக்கின்றனர். பாவு நூல் தறிக்கு முன்னே பல முழம் நீண்டு, கல் ஏற்றிய சிறு பலகையில் கட்டுண்டு கிடக்கிறது. நெய்ய நெய்ய அக்கல் அங்குலம் அங்குலமாக நெசவாளரை நோக்கி நகர்ந்து வருகிறது.

ஒவ்வொரு வடிவத்திற்கும் ஒரு பெயர் உண்டு. ‘அத்வினாசா’ என்பது ஒன்று. கற்ற வேலைப்பாடுகள் அனைத்தும் இதில் தீர்ந்துவிட்டன என்பது அதன் பொருள். நம் கவிஞர்களும் விரும்பக்கூடிய செம்மாப்பு! நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் இங்க்ருமா, எகிப்து நாட்டுப் பாத்தியாவை 1957-இல் மணந்தார். ‘பாத்தியா இங்க்ருமாவிற்குப் பொருத்தமானவள்’ என்று ஒரு துணிக்குப் பெயரிட்டனர். 1966-இல் அவர் ஆட்சி கவிழ்ந்தது. அதே துணிக்கு ‘ஒருவர் மட்டும் நாட்டை ஆள்வதில்லை’ என்று பெயர் மாற்றினர். நூலிழை ஒன்றும் மாறவில்லை. பெயர் மட்டுமே மாறியது. ஆயினும் அதனை உடுத்துபவர் கூறும் செய்தி முற்றிலும் வேறாயிற்று.

இன்னொன்றும் அறிந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொணர்ந்த பட்டுத் துணிகளை இழை இழையாகப் பிரித்து, அந்நூலைத் தம் தறியில் ஏற்றித் தம் வடிவங்களை அவர்கள் நெய்தனர். திசைச்சொல்லை ஏற்றுத் தன் ஒலிமரபிற்கு இசைவாக்கிக்கொள்ளும் மொழியின் இயல்பே எனக்கு நினைவிற்கு வந்தது.

அங்கு ஒரு நாடாவை எடுத்து, முதலில் அதன் பெயரைக் கேட்டேன். பின்னர், முன்செய்த பிழைக்குக் கழுவாயாக, சொன்ன விலையை அப்படியே நீட்டினேன். நெசவாளர் சிரித்தார். “விலை சொன்னால் பேச வேண்டாமா?” என்றார். பேசாமல் பணத்தை நீட்டுவதும் ஒருவகைச் செருக்கே என்பது அப்போது விளங்கியது. பேசினோம், இருவருக்கும் நிறைவான விலையில் முடித்தோம்.

உணவுக் கடைகளிலும் அவ்வாறே. மக்காச்சோளத்தை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்த மாவில் செய்வது கெங்கே. அதனைக் கா இனத்தார் மக்காச்சோள மடலிலும், பான்டே இனத்தார் வாழையின இலையிலும் பொதிந்து வேகவைக்கின்றனர். பொதியைப் பார்த்தே ஊர் சொல்லலாம். பெயரும் செய்முறையும் கேட்ட என்னிடம், விற்ற அம்மையார் வறுத்த மீன் ஒன்றைக் கூடுதலாக வைத்தார். இவ்வாறு சேர்த்துத் தருவதை அக்கான் மொழியில் ‘என்தோசோ’ என்கின்றனர். நம் கொசுறேதான்!

புறப்படுவதற்கு முன் கேப் கோஸ்ட் கோட்டைக்குச் சென்றேன். கடல் கடத்தப்படுவதற்கு முன் அடிமைகளை அடைத்த நிலவறைகள் அங்கு உள்ளன. அவ்வணிகத்தில் மனிதருக்கு ஈடாகத் தரப்பட்ட பண்டங்களுள் இந்தியப் பருத்தித் துணிகளும் மாலத்தீவுச் சோழிகளும் இருந்தன. நம் சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்த துணிகளும் அவற்றுள் அடங்கும். நெய்தவர் அதனை அறிந்திருக்கமாட்டார். தம் துணி எங்குச் செல்கிறதென்று அவருக்குச் சொல்வாரும் இல்லை. அந்நிலவறையில் நின்றபோது, முதல் நாள் பேசிய பேரம் நெஞ்சை உறுத்தியது. மனிதரின் பேரை அழித்துவிட்டுப் பேரம் பேசிய இடம் அது.

2024 டிசம்பரில் கென்டே நெசவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக யுனெஸ்கோ ஏற்றது. மகிழ்ச்சியே. ஆயினும் அந்த மூதாட்டி கேட்ட கேள்வியை நம் ஊர்க் கடைகளில் யார் கேட்கிறோம்? மயில்கண், கோபுரக்கரை, ருத்திராட்சக்கரை என நம் நெசவாளர் வைத்த பெயர்கள் எத்தனையோ. நாமோ நிறத்தையும் விலையையும் கேட்டு நிறுத்திக்கொள்கிறோம். சொல்லைக் காப்பதே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் இம்மன்றத்தில் நிறைந்துள்ளீர்கள். அடுத்த முறை ஒரு துணியைக் கையில் எடுக்கும்போது, முதலில் அதன் பேரைக் கேளுங்கள். பிறகு பேரம் பேசுங்கள்.

அச்சிட்ட அத்துணியும் என்னிடம் பத்திரமாக உள்ளது. பெயரற்ற அதனை என் மேசைமேல் விரித்திருக்கிறேன்.