காலை உணவும் கருத்தூன்றலும்



திண்டுக்கல் நகரிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் பல்லாண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். என் வகுப்பில் நான் செய்த ஒரு பிழையையும், அதனால் கற்ற பாடத்தையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு சிறுவன் முதற் பேருந்தில் வந்து படித்தான். ஓரிடத்தில் அமர மாட்டான். வினாவை முடிக்குமுன் விடை கூறுவான். எழுதத் தொடங்கியதைப் பாதியில் விடுவான். துடுக்குப் பையன் என்று முடிவு கட்டினேன். நாள்தோறும் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். ஒரு நாள் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தான்.

முகத்தில் நீர் தெளித்து, "காலையில் என்னப்பா சாப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

"வரக்காப்பி குடித்தேன், ஐயா" என்றான்.

அந்தக் கேள்வியை நான் முன்னரே கேட்டிருக்க வேண்டும். அன்று மாலையே அவன் தாயாரைக் கண்டேன். "விடியுமுன் களைவெட்டப் போய்விடுகிறேன், வாத்தியாரையா, சோறாக்க நேரம் ஏது?" என்றார் அவ்வம்மையார். அவர் வீட்டு மூலையில் மானாவாரி நிலத்தில் விளைந்த நிலக்கடலையும் பாசிப்பயறும் இருந்தன. இரவில் ஊறவைத்த பயற்றைக் காப்பிக்கு அடுப்பு மூட்டும்போதே அவித்துவிடலாமே என்றேன். மறுநாள் முதல் அவ்வாறே செய்தார்.

மயக்கம் நீங்கியது, முற்பகற் சோர்வும் குறைந்தது. ஆயினும் அவனுடைய அமைதியின்மை முற்றும் நீங்கவில்லை. பின்னர் மருத்துவரிடம் காட்டியபோதுதான், கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த 'ஏ.டி.எச்.டி.' என்னும் நிலை அவனுக்கு உண்டென்று தெரிந்தது. பசி வேறு, இந்நிலை வேறு. இரண்டும் அவனிடத்தில் கலந்திருந்தன. பசியை நீக்கிய பின்னரே மற்றொன்று கண்ணுக்குத் தெரிந்தது.

இத்தகைய குழந்தைகளைப் பற்றி 1902-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் சொற்பொழிவாற்றினார். இது வளர்ப்பின் குற்றமன்று. மூளை இயங்கும் வகையில் உள்ள வேறுபாடு. கவனத்தை ஆள்வதில் டோபமின் என்னும் பொருளுக்குப் பங்குண்டு. புரதத்திலுள்ள டைரோசின் என்னும் கூற்றிலிருந்து உடல் அதனை ஆக்கிக்கொள்கிறது. அதனால் முட்டை உண்டவுடன் குறைபாடு தீருமென்று எண்ணிவிடலாகாது. உணவு மருந்தாகாது, ஆனால் பக்கத்துணை ஆகும். புரதமுள்ள உணவு மெல்லச் செரிக்கும். பசியை நெடுநேரம் தாங்கும். மேலும், இந்நிலைக்குத் தரப்படும் மருந்துகள் சில பசியைக் குறைப்பன. மதியம் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளைக்குக் காலை உணவே பெருந்துணை. ஆகவே மருந்துக்கு முன்னரே அவனை உண்ணச் செய்யுமாறு மருத்துவர் அறிவுறுத்தினார்.

எவ்வளவு புரதம் வேண்டும்? 1918-இல் நம் குன்னூரில் தோன்றி, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 13 முதல் 15 வயதுள்ள பையனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிராம் என்று 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது. ஓர் இட்டலியில் இருப்பது ஏறத்தாழ 2 கிராமே. ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. 30 கிராம் நிலக்கடலையிலோ பாசிப்பயற்றிலோ 7 கிராம் உண்டு. கம்பங்கூழோடு மோரும் ஒரு கைப்பிடி அவித்த கடலையும், பழைய சோற்றோடு பயற்றுத் துவையலும், இட்டலியோடு கெட்டியான பருப்புச் சாம்பாரும் சேர்ந்தால் போதும். விலையுயர்ந்த மாவுகள் வேண்டியதில்லை.

பசித்த வயிற்றில் கல்வி ஏறாது என்பதை நம் நாடு நெடுங்காலமாக அறியும். 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு பரவத் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள், நமக்கு அண்மையிலுள்ள மதுரையில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாருடன் வழங்கப்பட்டன. ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைக்காக வகுக்கப்பட்டதன்று அது. என் மாணவனைப் போன்ற உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டு அடுப்பும், கண் திறந்த ஆசிரியரும், அன்புள்ள தோழரும் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் அருகில் அமர்ந்திருப்பவன் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தால் நகையாதீர்கள். முதலில், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். உங்கள் கடலையில் ஒரு பிடி கொடுங்கள். அதன் பின்னும் அவன் தவித்தால், பரிவுள்ள ஆசிரியரிடம் சொல்லுங்கள். நான் காலந்தாழ்த்திக் கேட்ட கேள்வியை நீங்கள் உரிய காலத்தில் கேட்பீர்களாக.