ஜெனரேட்டர் டேங்கில் என்ன இருக்கிறது?

(நமது சங்கத்தின் செப்டம்பர் மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக "ஜெனரேட்டர் பராமரிப்பு" என்று போட்டிருக்கிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் விஷயம் கணக்குப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம்தான். கரண்ட் போகும்போது டேங்கில் டீசல் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறோம். அந்த டீசல் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஜூலை மாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, எட்டு நிமிடத்தில் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. லிஃப்ட்டுக்குள் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இருபத்தைந்து நிமிடம் மாட்டிக்கொண்டார். இன்னொரு வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி ஒருவர் படுத்திருக்கிறார். அன்று அவர்கள் வீட்டில் சிலிண்டர் இருந்ததால் தப்பித்தோம்.

முதலில் வந்த மெக்கானிக் பம்ப் போய்விட்டது, 48 ஆயிரம் ஆகும் என்றார். இரண்டாவதாக வந்தவர் எதையும் கழற்றாமல் டேங்கின் அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக்கைத் திறந்தார். முதலில் இரண்டு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் வந்தது. அப்புறம் குளத்துப் பாசி மாதிரி பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஏதோ வந்தது. ஃபில்டரைக் கழற்றினால் அதிலும் அதேதான். டேங்கைச் சுத்தம் செய்து, ஃபில்டர்களை மாற்ற 3,200 ரூபாய் ஆனது. பம்ப் இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

மூடி போட்ட டேங்கில் தண்ணீர் எப்படி வந்தது? யாரும் ஊற்றவில்லை. டேங்க் மூச்சு விடுகிறது. பகலில் வெயிலில் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வென்ட் குழாய் வழியாக வெளியே போகும். இரவில் குளிரும்போது வெளிக்காற்று உள்ளே வரும். வீராணம் பக்கத்தில் இருக்கிற ஊர் இது, கடலும் தூரமில்லை. இந்தக் காற்றில் ஈரம் அதிகம். அது டேங்கின் உள்சுவரில் பட்டு வியர்வை மாதிரி துளித்துளியாக இறங்கும். டேங்கில் காலி இடம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வியர்வை. மூடியின் வாஷர் கெட்டிருந்தால் மழைநீரும் சேரும். தண்ணீர் டீசலைவிடக் கனம். அதனால் அடியில் போய்த் தங்கிவிடும், மேலே பார்த்தால் தெரியாது.

பங்க்கிலிருந்து வரும் டீசலிலும் துளி ஈரம் இருக்கும். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 1460 ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் வரை நீர் இருக்கலாம் என்கிறது. நூறு லிட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 16 கிராம், அதாவது ஒரு பெரிய கரண்டி. தினமும் ஓடுகிற லாரியில் அது எரிந்து போய்விடும். மாதக்கணக்கில் நிற்கிற டேங்கில் அது ஒவ்வொரு தடவையும் சேர்ந்துகொண்டே போகும்.

அடுத்து அந்தப் பாசி. அது உண்மையான பாசி இல்லை. பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்தது. தண்ணீரில் வசித்துக்கொண்டு, மேலே இருக்கும் டீசலைத் தின்று வாழும். அதனால் தண்ணீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில்தான் வளரும். விமான எரிபொருள் டேங்குகளிலேயே இது பெரிய தலைவலியாக இருந்து, "மண்ணெண்ணெய்ப் பூஞ்சை" என்று பெயர் வாங்கியது. இது விடுகிற அமிலம் டேங்கின் இரும்பை அரிக்கும். நாம் கேட்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: தண்ணீர் இல்லையென்றால் இது வளராது.

எண்ணெயை உயிர்கள் தின்னுமா என்று சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம் மாவட்டத்தில் விளைகிற அதே கடலை. இப்போது மறுபடியும் தாவர எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலைக் கலக்கும் காலம் வந்திருக்கிறது. 2018-ஆம் வருட தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் 5 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்திருக்கிறது. நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும், சீக்கிரம் பழசாகும், கிருமிகளுக்கும் பிடித்த சாப்பாடு. அதோடு 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 டீசல். கந்தகம் 50 பி.பி.எம்.-லிருந்து 10 பி.பி.எம்.-ஆகக் குறைந்தது. காற்றுக்கு அது பெரிய நன்மை. ஆனால் பழைய டீசலை பேரலில் இரண்டு வருடம் வைத்திருந்தோம், ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவத்தை இன்றைய டீசலுக்குப் பொருத்த முடியாது. வெப்பமான நம் ஊரில் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு சுத்தம் வேண்டும்? இன்ஜெக்டருக்குள் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான். அந்தச் சந்துக்கு டீசலேதான் மசகு எண்ணெய். அங்கே தண்ணீர் போனால் வழவழப்பு போய்த் தேய்மானம் ஆரம்பிக்கும். தூசி போனால் உப்புத்தாள் மாதிரி உராயும். நம்முடைய ஜெனரேட்டர் பழையது. புதிய இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் கார்பஸ் நிதியில் கை வைக்கிற செலவு.

இப்போது நான் பழகிய கணக்குக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்தப் பயத்தில் பலர் டீசலைப் பேரலில் வாங்கி வைக்கத் தொடங்கினார்கள். நம் ஷெட்டிலும் 200 லிட்டர் பேரல் ஒன்று நிற்கிறது. டேங்க் 90 லிட்டர். ஆக மொத்தக் கையிருப்பு 290 லிட்டர். போன வருட பில்களைக் கூட்டிப் பார்த்தேன். மாதத்துக்குச் சராசரி 10 லிட்டர்தான் செலவாகிறது. 290-ஐப் பத்தால் வகுத்தால் 29 மாதம். அதாவது இன்று வாங்குகிற டீசல் இரண்டரை வருடம் கழித்து எஞ்சினுக்குள் போகும்! வங்கியில் இரண்டு வருடம் வாடிக்கையாளர் எட்டிப் பார்க்காத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று தனியாக ஒதுக்குவார்கள். நம் பேரல் அந்த வகையில் சேர்ந்துவிட்டது. அங்கே பணமாவது கெடாமல் இருக்கும். இங்கே சரக்கே கெட்டுப்போகும்.

பேரல் இல்லாமல் புயலைச் சமாளிக்க முடியுமா? லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகள் ஓடினால் நம் எஞ்சினுக்கு மணிக்குச் சுமார் 3 லிட்டர். நிரம்பிய டேங்க் 90, இருபது லிட்டர் கேன் இரண்டு, மொத்தம் 130 லிட்டர். 43 மணி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் மட்டும் ஓட்டினால் ஏழு நாள் தாங்கும். அதற்குள் பங்க் திறந்துவிடும். சட்டப்படி டீசல் போன்ற பி வகுப்பு எரிபொருளை, எந்த ஒரு கலனும் 1,000 லிட்டருக்கு மேற்படாமல், மொத்தம் 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைக்கலாம். நாம் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறோம். ஆகவே இங்கே கேள்வி சட்டம் அனுமதிக்கிறதா என்பது அல்ல, நமக்குத் தேவையா என்பதுதான்.

சுத்தம் மட்டும் போதாது, டீசல் எஞ்சினை எட்டவும் வேண்டும். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ என்ற பெரிய மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் பதின்மூன்றாவது மாடியில் பத்திரமாக இருந்தன. ஆனால் டீசலை மேலே ஏற்றும் பம்ப் அடித்தளத்தில் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. ஊழியர்களும் படைவீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி டீசலை மேலே சேர்த்தார்கள். 2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு நமக்குத் தெரியும். நம் டேங்க்கின் மூடியும் வென்ட் குழாயும் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கின்றனவா என்று மழைக்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? குழுவின் முன் ஆறு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று. மாதம் ஒருமுறை, ஜெனரேட்டர் ஓடாத ஒரு காலையில், டிரெய்ன் பிளக்கைத் திறந்து அரை லிட்டர் கண்ணாடி பாட்டிலில் பிடிக்க வேண்டும். அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். தெளிவாகப் பளிச்சென்று இருந்தால் சரி. அடியில் கோடு விழுந்தால் தண்ணீர். மங்கலாக இருந்தால் ஈரம் கலந்திருக்கிறது. தெளிவாக வரும்வரை வடிக்க வேண்டும்.

இரண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை டேங்க்கை நிரப்பியே வைக்க வேண்டும். காலி இடம் குறைந்தால் வியர்வையும் குறையும். பிப்ரவரியிலிருந்து இறங்க விட வேண்டும். மே மாதம் இருப்பு குறைவாக இருக்கும்போது டேங்க்கைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். ஒரு வருடச் சரக்கு அடுத்த வருடத்துக்குப் போகக் கூடாது.

மூன்று. இருக்கிற பேரலில் பாதிக்கு மேல் இல்லை. அதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் முதலில் அதைச் செலவழிப்போம். கெட்டிருந்தால் அங்கீகாரம் பெற்ற கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுப்போம். யாரும் சாக்கடையில் ஊற்றிவிடக் கூடாது. இங்கே சாக்கடையில் விடுவது கடைசியில் ஏதாவது ஒரு வாய்க்காலில்தான் போய்ச் சேரும். அது வயலுக்குப் போகிற தண்ணீர். பேரல் காலியானதும் இரண்டு கேனோடு நிறுத்திக்கொள்வோம்.

நான்கு. ஃபில்டரை மேனுவலில் சொன்ன மணி நேரம் முடிந்ததும், அல்லது வருடம் ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஒரு செட் எப்போதும் அலமாரியில் இருக்க வேண்டும். புயல் நாளில் கடை திறந்திருக்காது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் நம் எஞ்சினில் இல்லை, ஒன்று பொருத்திவிடலாம்.

ஐந்து. வாராவாரம் ஐந்து நிமிடம் சும்மா ஓட்டி நிறுத்துவதை விட்டுவிடுவோம். சுமை இல்லாமல் ஓடினால் எஞ்சின் சூடேறாது, எரியாத டீசல் புகைக்குழாயில் கரியாகப் படியும். மாதம் ஒருமுறை, லிஃப்ட்டும் மோட்டாரும் இழுக்கிற நேரத்தில், முழுதாக அரை மணி நேரம் ஓட்டுவோம்.

ஆறு. ஒரு நோட்டு. தேதி, ஓடிய மணி, டேங்க் அளவு, வாங்கிய லிட்டர், வடித்த தண்ணீர், ஃபில்டர் மாற்றிய நாள், கையெழுத்து. நம் வாட்ச்மேன் அண்ணன் எழுதுவார். மாதம் ஒருமுறை குழு உறுப்பினர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். வடித்த தண்ணீரின் அளவு மாதாமாதம் ஏறினால் எங்கோ மூடி கசிகிறது என்று நோட்டே சொல்லிவிடும்.

வாங்கும்போதும் சில கவனங்கள் வேண்டும். பங்க்கில் டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் அன்று வாங்க வேண்டாம். அடியில் இருக்கும் கசடு கலங்கியிருக்கும். கேனைச் சுத்தமாகக் காயவைத்து, சல்லடை வைத்த புனலில் ஊற்ற வேண்டும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவதால் நூல்தான் உள்ளே போகும். துத்தநாகப் பூச்சு போட்ட பாத்திரம் டீசலுக்கு ஆகாது; துத்தநாகம் கரைந்து கசடாகும். கிருமி கொல்லும் மருந்து கடைகளில் கிடைக்கிறது. சுத்தம் செய்யாத டேங்கில் அதை ஊற்றினால் செத்த கிருமியெல்லாம் ஃபில்டரில் வந்து அடைக்கும். முதலில் சுத்தம், அப்புறம்தான் மருந்து.

கடைசியாக, டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு. வெளிநாடுகளில் பழைய வேனையே வீடாக மாற்றி, சில மாதம் ஊர் சுற்றி, சில மாதம் நிறுத்தி வைப்பார்கள். அவர்களுக்கும் இதே தொல்லைதான். நம்மில் பலர் பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் போய் வருகிறோம். போகும் முன் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போங்கள். வந்ததும் வண்டியைக் கிளப்பும் முன், ஃபில்டரில் இருக்கும் தண்ணீரை மெக்கானிக்கை வைத்து வடித்துவிடுங்கள்.

இந்த ஆறுக்கும் சேர்த்து முதல் வருடச் செலவு, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் உட்பட, வீட்டுக்கு 300 ரூபாய்க்குள் அடங்கும். எஸ்டிமேட்டைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தள்ளிப் போடாமல் இன்றே தீர்மானம் போட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் இப்போதே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.