மாற்றலாகிப் போனவர்களும் நம்மவர்களே

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் நம் வங்கிக் கிளை மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். செய்தி வந்த அன்றைக்கு நம்மில் பாதிப்பேர் முகம் வாடிப் போச்சு. "இனி நம்ம லோன் அவ்வளவுதானுங்களாக்கா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அந்தப் பயம் நமக்குப் புதுசு இல்லை. ஒருமுறை பட்டிருக்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன், வேறொரு கிளையில், "அடுத்த மாசம் லோன் போட்டுடலாம்மா" என்று அப்போதிருந்த மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னார். அதை நம்பி ஓவர்லாக் மெஷினுக்கு முன்பணம் கொடுத்தோம். ஆடு விற்ற காசும் அதில் இருந்தது. அந்த வாரமே அவருக்கு மாற்றல். புதிதாக வந்தவர், "எங்கிட்ட ஒரு பேப்பரும் இல்லீங்களே" என்றார். அவர் மேல் என்ன தப்பு? மனு கொடுக்காமல், தீர்மான நோட்டில் எழுதாமல் இருந்தது நாம்தான். கடன் வர ஐந்து மாதம் ஆயிற்று. மெஷின் வேறு கைக்குப் போய்விட்டது.

வங்கி அதிகாரி ஒரே கிளையில் உட்கார்ந்திருக்க முடியாது. நாமே ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் மாற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்? ஆள் மட்டுமா, வங்கியின் பெயர்ப்பலகையே மாறுகிறது. 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்துவிட்டன. நபார்டு 1992-ல் ஆரம்பித்த வங்கி இணைப்பில் கணக்கும் கடனும் குழுவின் பெயரில்தான் இருக்கின்றன. அதனால் பழைய மேனேஜருக்குச் சால்வை போடப் போகும்போது பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். வரவு பதியட்டும். நிலுவை மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். "புது சார்கிட்ட எங்க குழுவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

போன பிறகு பொங்கலுக்கு ஒரு போன் போட்டு நலம் விசாரிக்கலாம். ஆனால் "நீங்க சொன்னா புது சார் கேப்பாருங்க" என்று அவரை இழுக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் சங்கடம்.

பனியன் ஜாப் ஒர்க் எடுக்கும் குழுக்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். மெர்ச்சண்டைசர் தம்பி இந்த வருஷம் ஒரு கம்பெனி, அடுத்த வருஷம் வேறு கம்பெனி. சொன்ன தேதிக்குப் பீஸ் கொடுத்த குழுவை அவர் மறப்பதில்லை, போன இடத்திலும் கூப்பிடுகிறார். போகலாம். ஆனால் பழைய கம்பெனியின் கட்டிங் பீஸை எண்ணிக் கொடுத்து, கணக்கு முடித்துவிட்டுப் போக வேண்டும். பழைய இடத்து ரேட்டைப் புது இடத்தில் சொல்லவே கூடாது. ஒரு குழு அப்படிச் சொல்லி இரண்டு இடத்திலும் கெட்டுப்போனது நமக்குத் தெரியும்.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் ஐகோர்ட் உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, பிசிறு வெட்டும் வேலைகூடக் குறைந்தது. "எங்க காசைக் குடு" என்று கம்பெனி வாசலில் சத்தம் போட்டவர்களும் உண்டு. கேட்டதில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாக்கியை எழுதி வாங்கிக்கொண்டு, "வேலை வந்தா கூப்பிடுங்க" என்று சொல்லி வந்தவர்களுக்குத்தான் முதலில் போன் வந்தது.

2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானபோது, நம்மோடு ஒரே பயிற்சியில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பல்லடம், அவினாசி அக்காமார் அந்தப் பக்கம் போனார்கள். அவர்களோடு பேச்சு விடாததால்தான் இன்றைக்கு நம் தையல் குழுவுக்கு அங்கிருந்து வேலை வருகிறது.

புது மேனேஜர் வந்து மூன்று வாரம் ஆகிறது, நாம் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. வருகிற புதன்கிழமை போகிறோம். குழுவுக்கு இரண்டு பேர் வந்தால் போதும். காலை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இருங்கள். தீர்மான நோட்டை மறந்துடாதீங்க.