இரண்டாவது கேள்வி

(தலைப்பு: பேரிழப்புக்குப் பெரிதும் காரணம் தவறாகச் சொன்ன சொல்லா? கேட்காமல் விட்ட கேள்வியா?)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு விமான விபத்தை எடுத்தாங்க. 'ஒரு சொல் தவறிப் போச்சு, 583 உயிர் போச்சு' என்று முடிச்சாங்க. நடுவரும் தலையை ஆட்டினீங்க. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். (சிரிப்பு) அய்யா, அவசரப்பட்டுத் தீர்ப்பை எழுதிடாதீங்க! அம்மையார் சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதி எங்கள் அணிக்குச் சொந்தம்.

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டின் கேனரித் தீவுகள். லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனரீஃபுக்குத் திருப்பி விட்டார்கள். அது சின்ன நிலையம். ஒரே ஓடுபாதை. அதுக்குப் போகிற வழியெல்லாம் விமானங்கள் நின்றதால், ஓடுபாதை மேலேயே ஊர்ந்து போய், கடைசியில் திரும்பித்தான் புறப்பட வேண்டும். போதாக்குறைக்கு மூடுபனி வேறு. கோபுரத்தில் இருந்தவருக்கு ஓடுபாதை தெரியவில்லை. தரையைக் காட்டும் ராடாரும் அங்கே இல்லை.

கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ விமானம் கோடிக்குப் போய்த் திரும்பி நிற்கிறது. அதே ஓடுபாதையில், பனிக்குள்ளே, பான் ஆம் ஜம்போ எதிரே ஊர்ந்து வருகிறது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. காது மட்டும்தான் கண்!

விமானத்துக்கு இரண்டு அனுமதி வேண்டும். மேலே போனபிறகு எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்பது ஒன்று. 'இப்போது ஓடு, கிளம்பு' என்பது இன்னொன்று. அன்றைக்குக் கோபுரம் கொடுத்தது முதல் அனுமதி மட்டும்தான். 'ஜாதகம் பொருந்தியிருக்கு' என்று பெண் வீட்டார் சொன்னவுடனே, தாலியை எடுத்துக்கிட்டு மாப்பிள்ளை கிளம்பினால் எப்படி இருக்கும்? (சிரிப்பு) அப்படித்தான் கேப்டன் கிளம்பிட்டார். பணி நேர வரம்பு முடிந்துவிடுமோ என்கிற கவலையும் அவருக்கு.

துணை விமானி அனுமதியைத் திருப்பிச் சொல்லி, 'இப்போது டேக்-ஆஃப்' என்ற பொருளில் முடித்தார். 'புறப்படத் தயாராக நிற்கிறார்' என்று கோபுரம் புரிந்துகொண்டது. 'ஓகே' என்றார்கள். 'பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்றும் சொன்னார்கள். அதே விநாடியில் பான் ஆம் விமானி, 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்றார். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழ, அந்த 'ஓகே' மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. அடுத்தது கீச்சென்ற இரைச்சல்.

எதிரணி இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டது. இனிமேல்தான் எங்கள் கதை!

அனுமதி வருவதற்கு முன்பே கேப்டன் ஒரு தடவை கிளம்பப் பார்த்தார். 'இன்னும் அனுமதி வரலையே' என்று தடுத்தவர் அதே துணை விமானிதான். இரண்டாவது தடவை அவர் தடுக்கவில்லை. ஏன்? கேப்டன் சாதாரண ஆள் இல்லை, அய்யா. அந்த நிறுவனத்தின் 747 விமானிகளுக்குப் பயிற்சித் தலைவர். விளம்பரத்திலே படம் வந்தவர். இந்தத் துணை விமானிக்கே தேர்வு வைத்துத் தகுதி கொடுத்தவர்! மார்க் போட்ட வாத்தியாரை ஒரு தடவை திருத்தலாம், இரண்டாவது தடவை திருத்த நமக்கு நாக்கு எழுமா?

விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. பான் ஆமைப் பார்த்து, 'பாதையை விட்டு விலகியதும் சொல்லுங்கள்' என்று கோபுரம் சொல்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளர் காதில் அது விழுகிறது. 'அந்த பான் அமெரிக்கன் இன்னும் விலகலையா?' என்று கேட்டார்.

'எங்கே கேட்காமல் விட்டார்கள்? அதுதான் கேட்டாரே!' என்று எதிரணி துள்ளுகிறது. ஆமாம், கேட்டார். 'விலகியாச்சு' என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அந்தத் தொனியில் பொறியாளர் வாய் மூடிப்போச்சு. கேட்காமல் விட்டது அந்த இரண்டாவது கேள்வியை! சில விநாடிகள்தான். கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரும், பான் ஆமில் 335 பேரும் மாண்டார்கள். 61 பேர் பிழைத்தார்கள்.

'எல்லாம் மொழிக் குழப்பம்' என்பீர்களானால், அடுத்த வருஷத்துக்கு வாங்க. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாந்து. யுனைடெட் நிறுவன விமானம். சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்திலேயே கேப்டன் வட்டமடிக்கிறார். எரிபொருள் குறைகிறது. உடன் இருந்தவர்களுக்கு அது தெரியும், சொல்லவும் சொன்னார்கள். ஆனால் கேப்டனுக்கு உறைக்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மொழி. இங்கே எந்தச் சொல் குழப்பியது? (கைதட்டல்)

உலகம் இரண்டு பாடம் படித்தது. ஒன்று, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பேச வேண்டும். மற்ற நேரத்தில் வேறு சொல். இது எதிரணிக்கு உரிய பாடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஒரு விதியிலே எழுதி முடித்துவிடலாம். 1979-இல் நாசா கூட்டிய பட்டறையில் பிறந்து, 1981-இல் யுனைடெட் நிறுவனம் பயிற்சியாகத் தொடங்கிய இன்னொரு பாடம் இருக்கிறதே, அதுதான் கடினம். இளையவர் சந்தேகம் தீரும்வரை கேட்க வேண்டும். மூத்தவர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று அதிகாரம் வைத்தாரே, எதற்கு? தப்பைக் கண்டால் இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன் கெடுவதற்குப் பகைவனே தேவையில்லை என்று சொல்லத்தான்.

தாய்மார்களே, நம் வீட்டிலே நடக்காததா? 'மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்திலே விசாரிச்சீங்களாப்பா?' என்று மகள் மெல்லக் கேட்பாள். 'எல்லாம் விசாரிச்சாச்சு, நீ சும்மா இரு' என்பார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை, விசாரித்துவிட்டதாகவே நம்புகிறார். அந்தக் கேப்டனும் பாதை காலி என்று நம்பித்தான் கிளம்பினார். மகள் மறுபடியும் கேட்டால் 'வாயாடி' என்கிறோம். கேட்காமல் இருந்தால் 'அடக்கமான பொண்ணு' என்று மெச்சுகிறோம். அந்த அடக்கத்துக்கான விலையை யார் கொடுக்கிறது? வாழ்நாள் முழுக்க அவள்தானே!

தப்பாகச் சொன்ன சொல்லை அடுத்த கேள்வி திருத்திவிடும். கேட்காத கேள்வியைத் திருத்த எந்தச் சொல் இருக்கிறது? ஆகவே பேரிழப்புக்குப் பெரிதும் காரணம் கேட்காமல் விட்ட கேள்வியே என்று நடுவர் தீர்ப்பு வழங்க வேண்டும். அது சரிதானா என்று நான் இன்னொரு தடவையும் கேட்பேன், கோபிக்கக் கூடாது! (சிரிப்பு, கைதட்டல்)