கலைத்திட்டமும் கற்பித்தலும்



பட்டப் படிப்பின் பின் யாது செய்வாய் எனப் பெரியோர் கேட்கின்றனர். கலைத்திட்டமும் கற்பித்தலும் என்னும் துறையில் முதுமாணிப் பட்டம் பெற விழைகிறேன். பிள்ளைக்கு எதனை, எவ்வாறு கற்பிப்பது என்பதே அத்துறையின் பொருள்.

சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட நூலில் நான்கு வினாக்களை எழுப்பினார். கல்வியின் நோக்கம் யாது? அதற்கேற்ற அனுபவங்கள் எவை? அவற்றை எவ்வாறு ஒழுங்கு செய்வது? நோக்கம் நிறைவேறியதை எவ்வாறு அறிவது? கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிக் காலபோகம் செய்யும் நம் கமக்காரருக்கு இத்தகைய வினாக்கள் புதியனவல்ல.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைகளிற் புகுத்தியது. ஊர்த் தொழில்கள் வகுப்பறைக்கு வந்தன. நோக்கம் நன்று. ஆயின், அவற்றைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் கருவிகளும் போதவில்லை. பிள்ளைகள் உத்தியோகம் பார்க்க வேண்டுமென விரும்பிய பெற்றோரும் அவற்றை மதித்திலர். 1977இல் ஆட்சி மாறியபின் அப்பாடங்கள் கைவிடப்பட்டன. விதை நல்லதாயினும் வாய்க்கால் வெட்டாத வயல் விளையுமா? கற்பித்தலை மறந்த கலைத்திட்டமும் அத்தகையதே.

இன்று கலைத்திட்டத்தை வகுப்பது மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். நம் வயலையும் மன்னார்க் கடலையும் அறிந்தவர் அங்கும் இருத்தல் வேண்டும். அத்திட்டத்தை முருங்கன் பிள்ளைக்கு விளங்க வைப்பவர் இங்கும் இருத்தல் வேண்டும். பெயருக்குப் பின் எழுதும் எழுத்துக்காக இப்பட்டத்தை நான் நாடவில்லை.

பெரியோர்களே, வைத்தியரும் பொறியியலாளரும் மட்டுமே ஊருக்குப் பெருமை என்று எண்ணாதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரையேனும் ஆசிரியப் பணிக்கு மனமுவந்து விடுங்கள்.