திரும்பி வந்த சீட்டுகளின் கணக்கு

தலைமை உரை நீண்டால் முதல் அமர்வின் நேரத்தைத்தான் விழுங்கும் என்பதால், ஒரு செய்தியை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

அமெரிக்க மக்கள் ‘செக்‌ஷன் எட்டு’ என்று சொல்லும் வாடகை உதவித் திட்டத்துக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டம் வித்திட்டது. குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகையாகக் கொடுக்கும். மீதியை உள்ளூர் வீட்டுவசதி முகமை வீட்டுக்காரருக்கு நேரடியாகச் செலுத்தும். தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் அரசின் வாடகை உதவி எட்டுகிறது. பல ஊர்களில் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

இந்த உதவிக்கான சீட்டு (வவுச்சர்) கைக்கு வந்த பிறகுதான் உண்மையான அலைச்சல். அதைக் கொண்டு வீடு பிடிக்கத் தொடக்கக் கெடு பெரும்பாலும் 60 நாள். நீட்டிப்பது முகமையின் விருப்பம். வாடகை வரம்புக்குள் இருக்க வேண்டும், வீடு பரிசோதனையில் தேற வேண்டும். முன்பணம் சீட்டில் சேராது. பரிசோதகர் வரும்வரை வீட்டைப் பூட்டி வைக்க எந்த வீட்டுக்காரருக்கு மனம் வரும்? அவரை மட்டும் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முகமையின் தாமதத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ‘சீட்டுக்காரர் வேண்டாம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நிறவெறி ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனத்தைச் சொல்லி மறுப்பதைத் தடுக்கிறது. சீட்டைச் சொல்லி மறுப்பதைத் தடுப்பதில்லை.

அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஐந்து நகர ஆய்வில், லாஸ் ஏஞ்சலஸில் நான்கில் மூன்று பங்கு வீட்டுக்காரர்கள் சீட்டை மறுத்தார்கள். வாஷிங்டனில் 15 விழுக்காட்டினர். வாஷிங்டனில் இந்த மறுப்புக்கு உள்ளூர்த் தடை இருந்தது. அதை வைத்துச் சட்டமே மருந்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிலடெல்பியாவிலும் தடை இருந்தது; அங்கே மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்தார்கள். டெக்சஸ் மாநிலமோ 2015-இல், நகரங்கள் அப்படித் தடை போடுவதையே தடுத்துவிட்டது.

கெடு முடிந்த சீட்டு முகமைக்கே திரும்பி, வரிசையில் அடுத்தவருக்குப் போகும். முகமையின் ஏட்டில் நட்டம் எதுவும் தெரியாது. சீட்டு பெற்ற பத்துக் குடும்பங்களில் சுமார் ஆறுதான் அதைப் பயன்படுத்த முடிகிறது என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. மற்ற நான்கும் எங்கே போயின? உறவினர் வீட்டுக் கூடத்துக்கா, காருக்குள்ளா, பழைய வாடகை வீட்டுக்கேவா? நம் வீட்டுவசதி ஆய்வுத் துறை இந்தக் கேள்வியை ஓரமாகவே வைத்திருக்கிறது.

சீட்டுக் குடும்பங்கள் ஏழைப் பகுதியிலேயே தங்கிவிடுவதைப் பார்த்து, ‘அவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது’ என்று சொல்வோர், சியாட்டில் நகரில் இத்தகைய குடும்பங்களிடையே நடந்த பரிசோதனையைப் படிக்கட்டும். வழிகாட்ட ஓர் ஆள், வீட்டுக்காரரிடம் பேச ஒரு துணை, முன்பணத்துக்குக் கொஞ்சம் பணம்: இவை கிடைத்த குடும்பங்களில் 53 விழுக்காடு வாய்ப்பு மிகுந்த பகுதிகளுக்குக் குடிபோயின. வெறும் சீட்டோடு தேடியவர்களில் 15 விழுக்காடுதான்.

மாலை அமர்வில் தரவுகளோடு வருவோர், திரும்பி வந்த சீட்டுகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.